அஞ்சலாட்சி அனுப்பிய குரல்

சாரம் பகுதியில் அந்தத் தெருவுக்குக் குடிவந்து பல வருடங்கள் ஆகியும் அஞ்சலாட்சியின் குரல் எப்படி இருக்கும் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. அவள் தைத்த ஜாக்கெட் எல்லாருக்கும் தெரியும். கழுத்து இறங்காது, கை பிடிக்காது, முதுகில் சுருக்கம் விழாது. அதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால் நாலு பேர் யார் தைத்தது என்று கேட்பார்கள். எங்கள் தெருவில் ஒரு ஊமைப் பொண்ணு இருக்கிறாள், அவள்தான் என்று பதில் போகும். பெயரைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

அவள் ஊமை இல்லை. பிறவிக் கூச்சம். பாகூர் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எட்டாவது படிக்கும்போது பாடத்தை எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. வகுப்பே சிரித்தது. அந்த வருடமே அம்மா படுத்த படுக்கையாகிவிட, படிப்பு நின்றது. நின்றதில் வருத்தம் இருந்தது. இனி எழுந்து நின்று படிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதியும் இருந்தது.

பேசாதவர்களுக்குப் பார்ப்பதற்கு நிறைய நேரம் கிடைக்கும். ஆள் வாசலில் நிற்கும்போதே தோளைப் பார்த்து அஞ்சலாட்சி அளவைக் கணித்துவிடுவாள். நாடா போடுவது அவர்களுடைய திருப்திக்குத்தான். தெருவில் யார் யாருடன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யார் மாசமாக இருக்கிறாள் என்பதெல்லாம் தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை யாரிடமும் சொல்ல மாட்டாள். அதனாலேயே எல்லாரும் அவள் முன்னால் பயமில்லாமல் பேசினார்கள்.

கணவன் வெற்றிவேல் வயரிங் வேலை செய்பவன். அவன் வாங்கிக் கொடுத்த போன்தான் அவளுடைய பிழைப்பை மாற்றியது. அதில் பார்த்துப் பார்த்து ஆரி வேலை கற்றுக்கொண்டாள். ஊசி எப்படி இறங்க வேண்டும், மணி எங்கே விழ வேண்டும் என்று எவளோ ஒருத்தி எந்த ஊரிலோ இருந்து சொல்லிக் கொடுத்தாள். புரியாத இடத்தில் நிறுத்தி, திரும்பப் போட்டுப் பார்க்கலாம். யாரும் சிரிக்கப்போவதில்லை. முடித்த ஜாக்கெட்டைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாள். லாஸ்பேட்டையிலிருந்து ஆள் வந்தது, முதலியார்பேட்டையிலிருந்து வந்தது. பிரான்சில் இருக்கும் ஒரு அம்மா வீடியோவில் நின்று அளவு காட்டி, ஊருக்கு வரும்போது நாலு ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார். இத்தனைக்கும் அவள் பேச வேண்டியதே இல்லை. படத்தைப் போட்டால் போதும். கை கூப்பிய பொம்மை ஒன்றை அனுப்பினால் வியாபாரம் முடிந்தது.

தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதை நடத்துபவர் அரிகிருஷ்ணன். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் சொல்தா வீட்டுக்காரர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். தண்ணீர் வராத நாள், கேஸ் வண்டி வரும் நேரம், தொலைந்த சாவி, கிடைத்த பர்ஸ் எல்லாம் அதில் வரும். எதிர்வீட்டுக் கமலவேணியின் புருஷனுக்கு ஆபரேஷன் என்றபோது குரூப்பில் ஒரு வரி போட்டதும், உலையில் போட்ட அரிசி வேகுமுன் ரத்தம் கொடுக்க ஆட்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். அந்த ஒன்றுக்காகவே அந்தக் குரூப்பைக் கோயில் கட்டிக் கும்பிடலாம் என்று கமலவேணி சொல்வாள்.

அதே குரூப்பில்தான் ஒருமுறை தெருப்பெண் ஒருத்தி பீச் ரோட்டில் ஒரு பையனோடு வண்டியில் போகும் படமும் வந்தது. அவன் அந்தப் பெண்ணின் பெரியம்மா மகன். அஞ்சலாட்சிக்கு அது பார்த்தவுடன் தெரிந்தது. குரல் பதிவு செய்யும் பட்டனை அழுத்தினாள். இரண்டு வார்த்தை பேசினாள். விரலை அப்படியே நகர்த்தி அழித்துவிட்டாள். வேறு யாராவது சொல்வார்கள் என்று நினைத்தாள். அந்தப் பெண் வெகுநாள் வெளியே தலைகாட்டவில்லை.

குணத்தில் அஞ்சலாட்சிக்கு நேர் எதிர் ஜீனத்துன்னிசா. முல்லா வீதியில் பிறந்து சாரத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் குத்புதீனுக்குப் பெரிய மார்க்கெட்டில் சின்னக் கடை. இவள் நைட்டி, உள்பாவாடை, லைனிங் துணி எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வீடு வீடாக விற்பாள். ஆள் வருமுன் குரல் வந்துவிடும். தெருவைச் சுற்றி முடித்ததும் அஞ்சலாட்சி வீட்டில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, பர்தாவின் முகத்திரையைத் தூக்கிவிட்டு, டீ குடிப்பாள். அவள் பேசுவாள், இவள் தைப்பாள். ரெண்டு பேருக்கும் அது ஒத்துப்போனது.

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து அஞ்சலாட்சிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தெருவே வந்து பார்த்தது. குழந்தைக்கென்று அவள் தைத்தது ஒரு போர்வை. வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த ஜாக்கெட் வெட்டுத்துணிகளைச் சதுரம் சதுரமாக ஒட்டித் தைத்தாள். மயில் கழுத்துப் பட்டு, அரக்கு, எலுமிச்சை மஞ்சள், ராமர் பச்சை. தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டுத் துணியும் அதில் இருந்தது. ஜீனத்துன்னிசா அதை விரித்துப் பார்த்துவிட்டு, "ஊரே இருக்குது, நான் மட்டும் இல்லியே. அப்ப நான் உனுக்கு யாரு?" என்று வம்புக்கு இழுத்தாள். அவள் பர்தா முல்லா வீதியில் தைப்பது. அஞ்சலாட்சி சிரித்ததோடு சரி.

எட்டாம் மாதத்தில் குழந்தை பொழுது சாய்ந்தால் வீல் வீலென்று அழத் தொடங்கியது. டாக்டரிடம் காட்டினார்கள். காதைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். ஆனால் அழுகை நிற்கவில்லை. ஓதிக்கொண்டு வந்தால் சரியாகிவிடும், மூன்று சாயங்காலம் போதும் என்றாள் ஜீனத்துன்னிசா.

அந்தப் பக்கத்தில் இது யாருக்கும் புதிது இல்லை. சாயங்காலத் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே பிள்ளைகளோடு பெண்கள் நிற்பார்கள். பாதிக்கு மேல் நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள். கையில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கும். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஓதி, குழந்தையின் முகத்திலும் தண்ணீரிலும் ஊதிவிட்டுப் போவார்கள். தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவந்து குழந்தைக்கு ஒரு வாய் கொடுப்பார்கள்.

ஆண்கள் வரிசையாக வெளியே வரும் வாசலில் போய் நிற்பது அஞ்சலாட்சியால் ஆகாத காரியம். அது முகூர்த்த மாதம் வேறு. மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாத வேலை. நான் தூக்கிக்கொண்டு போகிறேன், நீ தை என்று ஜீனத்துன்னிசாவே குழந்தையைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். முதல் நாள் போய் வந்தாள். இரண்டாம் நாளும் போய் வந்தாள்.

தெருக்கோடியில் புதிதாகக் கட்டிய வீட்டில் செல்வகுமார் என்பவன் தை மாதம்தான் குடிவந்திருந்தான். மேற்கே எங்கோ ஊர். இங்கே ஒரு கம்பெனியில் வேலை. மனைவி துர்காவும் மூன்று வயசுப் பையனும் உண்டு. வந்தவுடன் செய்த முதல் வேலை கேட்டில் கேமரா மாட்டியது. தெருவில் நடப்பது அவன் போனில் தெரியும். மூன்றாம் நாள் மத்தியானம் ஆபீசில் உட்கார்ந்து முந்தின நாள் படத்தை ஓட்டிப் பார்த்திருக்கிறான். மங்கலான வெளிச்சத்தில் முகம் மூடிய ஒரு பெண். தோளில் கையைக் காலை உதைத்துக்கொண்டு அழும் குழந்தை. அவள் வேகமாக நடக்கிறாள், நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள். பின்னால் ஒரு ஆட்டோ வந்ததால் திரும்பினாள். ஆட்டோ படத்தில் விழவில்லை.

அவன் கெட்டவன் இல்லை. ஒற்றைப் பிள்ளைக்காரன், பயந்தவன். அவன் ஊரில் இந்தப் பழக்கம் கிடையாது. நம் தெருவில் குழந்தை கடத்தும் பெண், எச்சரிக்கை என்று எழுதிக் குரூப்பில் போட்டுவிட்டான். அரிகிருஷ்ணன் அதற்குக் கீழே, அனைவரும் பகிரவும் என்று போட்டார். எல்லாரும் பகிர்ந்தார்கள்.

போனது போன மாதிரியே திரும்பி வரவில்லை. போன இடத்தில் யாரோ ஒரு ஆம்பிளை அதற்குப் பின்னணியில் பேசியிருந்தான். கடலூர் பக்கமிருந்து பெரிய கும்பல் இறங்கியிருக்கிறதாம், பர்தா போட்டு வருவார்களாம், சொம்பில் மயக்க மருந்து வைத்திருப்பார்களாம். அழுத்தம் திருத்தமான குரல். கண்ணால் பார்த்தவன் சொல்வது போலவே இருந்தது. பக்கத்துத் தெருக் குரூப், கோயில் குரூப், பள்ளிக்கூடத்துத் தாய்மார் குரூப் எல்லாம் சுற்றிவிட்டு அந்தப் படம் திரும்பச் சாரத்துக்கே வந்தது. பார்த்தவர்கள் யாருக்கும் அது ஜீனத்துன்னிசா என்று தோன்றவில்லை. தினம் வீட்டுக்குள் வந்து துணி விரிக்கிறவளைத்தான் அவர்களுக்குத் தெரியும். படத்தில் இருந்தது கறுப்புத் துணி.

அஞ்சலாட்சி இது எதையும் பார்க்கவில்லை. மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு ஒரு ஜாக்கெட் கொடுக்க வேண்டியிருந்ததால் போனை அலமாரி மேல் வைத்திருந்தாள். ஜீனத்துன்னிசா வந்து மூட்டையை மூலையில் போட்டுவிட்டு, குழந்தையையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கடைசிக் கொக்கியைத் தைத்து முடித்து, ஸ்டேட்டஸுக்குப் படம் எடுக்கலாம் என்று போனைத் திறந்தபோது குரூப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

படத்தை ஓட்டினாள். முகம் தெரியவில்லை. முகம் எதற்கு? தோளில் கிடந்த போர்வையின் முதல் வரிசையிலேயே மயில் கழுத்துப் பட்டு. அவள் கையால் ஒட்டியது. செய்திகளைக் கீழே தள்ளிக்கொண்டே வந்தாள். கடைசிச் செய்தி அப்போதுதான் வந்திருந்தது. அதே பொம்பளை இப்போது பால் பூத் பக்கம் வருகிறாள், கையில் குழந்தை இருக்கிறது, பசங்க எல்லாம் உடனே வாருங்கள்.

ஜீனத்துன்னிசாவுக்குப் போன் அடித்தாள். மூலையில் இருந்த துணி மூட்டைக்குள் மணி அடித்தது. வெற்றிவேலுக்கு அடித்தாள். ஏணி மேல் நின்றிருப்பான், எடுக்கவில்லை. எழுதலாம் என்றால் அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதுவதற்குள் அங்கே என்ன நடக்குமோ தெரியாது. வந்துட்டோம், வந்துட்டோம் என்று வரிசையாகச் செய்தி விழுந்துகொண்டிருந்தது.

குரல் பட்டனை அழுத்தினாள். எட்டாம் வகுப்பில் நடந்த மாதிரியே வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. விரல் பழக்கதோஷத்தில் அழிக்கிற பக்கம் நகரப் பார்த்தது. யாராவது சொல்வார்கள் என்று இந்த முறை நினைக்க முடியாது. தெரிந்தவள் அவள் ஒருத்திதான். விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அஞ்சலாட்சி பேசறேன். டைலரு. அந்தக் கொழந்த என் கொழந்த. தூக்கினு போறது ஜீனத்தக்கா. உங்க வீட்டுக்கெல்லாம் நைட்டி குடுக்கறாங்களே, அவங்க. நாந்தான் ஓதினு வரச் சொல்லி அனுப்பினேன். வீடியோல அந்தப் போர்வையப் பாருங்க. கமலவேணியக்கா, உங்க பொண்ணு நிச்சயத்துக்குத் தைச்ச மயில் கழுத்துப் பட்டு, மொத வரிசையில இருக்குது. அரிகிருஷ்ணன் சார், உங்க வீட்டம்மா அரக்கு ஜாக்கெட்டு அதுங்கீழ. உங்க எல்லார் வீட்டுத் துணியும் அதுல இருக்குது. உங்க பேரனுக்குக் காய்ச்சல் கண்டப்ப சொம்பு எடுத்துனு அதே வாசல்ல நீங்க நிக்கல? நான் பாத்தேன் சார். அந்தச் சொம்புல இருக்கறது மருந்து இல்ல, தண்ணி. அக்கா மேல யாரும் கைய வைக்காதீங்க. நான் வந்துனே இருக்கேன்."

விரலை எடுத்தாள். போய்விட்டது. இனி அழிக்க அவளுக்கு நேரமும் இல்லை, மனசும் இல்லை. கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினாள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது.

பால் பூத்துக்கு முந்தின திருப்பத்திலேயே கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. அதற்கு நடுவே ஒரு பெண்ணின் குரல் கேட்டது. ஒரு இடத்தில் இல்லை. இங்கே ஒரு போனில், அங்கே ஒரு போனில், பெட்டிக்கடையில், மாடிப்படியில், ஒன்று முன்னால் ஒன்று பின்னால் என்று அதே குரல். வீராம்பட்டினத் தேருக்குத் தெருத்தெருவாகக் கட்டிய குழாய் ஒலிபெருக்கி எல்லாம் ஒரே நேரத்தில் பேசுவது போல இருந்தது. யார் இவ்வளவு தைரியமாகப் பேசுவது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அப்புறம்தான் "டைலரு" என்று காதில் விழுந்தது.

கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. நடுவில் ஜீனத்துன்னிசா நின்றுகொண்டிருந்தாள். முகத்திரை விலகி, பர்தாவின் ஒரு கை கிழிந்து தொங்கியது. அவ்வளவு பெரிய குரல்காரியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. குழந்தை அதற்குள் கமலவேணியின் இடுப்புக்கு வந்திருந்தது. கமலவேணி ஒரு கையில் போனை உயர்த்திப் பிடித்தபடி, எதிரில் நின்ற இளவட்டங்களைப் பார்த்து, "இது என் துணிடா. என் பொண்ணு நிச்சயப் பட்டு. எங்க வீட்டுத் துணிய எங்களுக்கே அடையாளம் தெரியாதா? நகருங்கடா அந்தாண்ட" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டு ஓடிவந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போர்வையைத் தடவித் தங்கள் சதுரத்தைத் தேடிக் காட்டினார்கள். எலுமிச்சை மஞ்சள் என்னுடையது, ராமர் பச்சை என் மருமகளுடையது என்று பேச்சு ஓடியது. வரிந்துகட்டி வந்தவர்கள் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

ஒருத்தன் மட்டும் விடவில்லை. ஜீனத்துன்னிசாவிடமிருந்து பிடுங்கிய சொம்பை வைத்துக்கொண்டு, அப்படியென்றால் இதில் என்ன இருக்கிறது, போலீசில் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்றான். சொம்பில் பாதித் தண்ணீர் தள்ளுமுள்ளில் கொட்டிப்போயிருந்தது.

அஞ்சலாட்சி அவனிடம் போய்க் கையை நீட்டினாள். அவன் கொடுத்துவிட்டான். அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, சொம்பை அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, விரலை நனைத்துக் குழந்தையின் உதட்டில் வைத்தாள். குழந்தை சப்புக்கொட்டியது. எங்கேயோ ஒருத்தர் சிரித்தார். அப்புறம் பலர் சிரித்தார்கள். சொம்பு கொடுத்தவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். இருபது வருடத்துக்கு முன்னால் வகுப்பு சிரித்ததற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருந்தது.

ஜீனத்துன்னிசாவை ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்து உட்காரவைத்தார்கள்.  அஞ்சலாட்சி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"ஓதின தண்ணிய கொட்டிட்டானுங்களே, நிர்மூலமாப் போறவனுங்க" என்றாள் ஜீனத்துன்னிசா. பிறகு அஞ்சலாட்சியை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏண்டி, இம்மா நாளா இந்தக் கொரல எங்க ஒளிச்சு வச்சிருந்த? பாவாட மடிப்புலயா?"

ஆனால் மறுநாள் ஜீனத்துன்னிசா தெருவுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வீடு வீடாகப் போனது போதும், கடை ஒன்றே நமக்குப் போதும் என்று குத்புதீன் சொல்லிவிட்டார் என்று அஞ்சலாட்சி கேள்விப்பட்டாள். அவர் சொன்னதில் தப்பில்லை. கிழிந்தது பர்தாவின் கை மட்டும் இல்லை. செல்வகுமார் படத்தை அழித்து, தவறு என்று எழுதிப் போட்டிருந்தான். அரிகிருஷ்ணனும் வருந்துகிறேன் என்று போட்டிருந்தார். படித்ததற்கு அடையாளமாக எல்லாரும் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். அதோடு எல்லாம் முடிந்த மாதிரி கேஸ் வண்டி எப்போது வரும் என்று ஒருத்தர் கேட்டிருந்தார்.

அஞ்சலாட்சிக்கு அது பொறுக்கவில்லை. வாய் ஒருமுறை திறந்துவிட்டது, இனி மூடி என்ன ஆகப்போகிறது. மறுபடியும் பட்டனை அழுத்தினாள். என் குழந்தைக்கு மூன்றாம் நாள் ஓதின தண்ணீர் கொட்டிப்போனது, திரும்ப ஓத வேண்டும், இன்றைக்கு நானே தூக்கிக்கொண்டு போகிறேன், ஜீனத்தக்கா வீடு வழியாகப் போய் அவங்களையும் கூப்பிடப் போகிறேன், வருகிறவர்கள் வரலாம் என்று சொன்னாள். அவ்வளவுதான்.

யாரும் வருவார்கள் என்று எதிர்பார்க்காமல்தான் வாசலில் இறங்கினாள். கமலவேணி பேத்தியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் பிள்ளை இருக்கிறவர்கள் பிள்ளையோடும், இல்லாதவர்கள் சொம்போடும் வந்தார்கள். அரிகிருஷ்ணன் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். தெருக்கோடி வீட்டிலிருந்து துர்கா பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். செல்வகுமார் ஒரு எவர்சில்வர் சொம்பைத் தளும்பத் தளும்ப நிரப்பிக்கொண்டு, எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவன் மாதிரி பின்னால் நடந்தான். அவன் வீட்டுக் கேமராவில் அன்றைக்கு அந்த ஊர்வலம் முழுசாக விழுந்திருக்கும்.

குத்புதீன் கதவைத் திறந்தார். தெருவையே வாசலில் பார்த்ததும் உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். ஜீனத்துன்னிசா வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்வகுமார் முன்னால் வந்து மன்னிப்பு என்று ஆரம்பித்தான். அவள் அவனை விட்டுப் பையனைத்தான் பார்த்தாள்.

"படம் நல்லாத்தான் புடிச்சிருக்க. மூஞ்சி மட்டும் காணோம்" என்றாள் செல்வகுமாரிடம். "அடுத்த தபா எடுக்கறதுக்கு முன்ன, யாருன்னு கூப்பிட்டுக் கேளு. நான் திரும்பிப் பாப்பேன்."

பள்ளிவாசல் கேட்டில் அஞ்சலாட்சிதான் முதலில் நின்றாள். தொழுகை முடிந்து ஆண்கள் வரிசையாக வெளியே வந்தார்கள்.  அவள் நகரவில்லை. வந்தவர்கள் ஓதி, குழந்தையின் முகத்தில் ஊதினார்கள். குழந்தை கண்ணைக் கண்ணைச் சிமிட்டியது. துர்காவின் பையன் எனக்கும் ஊதச் சொல் என்று அடம்பிடித்தான். அன்று ராத்திரி குழந்தை அழாமல் தூங்கியது. ஓதினதாலா, எட்டாம் மாதம் முடிந்து ஒன்பது பிறந்ததாலா என்று அஞ்சலாட்சி யோசிக்கவில்லை.

ஜீனத்துன்னிசாவின் கிழிந்த பர்தாவை அஞ்சலாட்சியே வாங்கித் தைத்தாள். தையல் தெரியாதபடி கையை மாற்றினாள். வெட்டி எடுத்த பழைய துணியில் ஒரு சதுரம் எடுத்து, போர்வையில் மயில் கழுத்துப் பட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கறுப்புக்குப் பக்கத்தில் பட்டு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. அங்கேயே ஒட்டினாள்.

குரூப்பில் இப்போது அவளும் ஒரு அட்மின். அரிகிருஷ்ணன்தான் கேட்காமலேயே ஆக்கிவிட்டார். ஏதாவது எச்சரிக்கை, ஏதாவது படம் என்று வந்தால், பகிரவும் என்பதற்குப் பதிலாக, அஞ்சலாட்சி இது நெஜமா என்ற கேள்விதான் முதலில் விழுகிறது. தெரிந்தால் தெரியும் என்பாள். தெரியாவிட்டால் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன், அதுவரைக்கும் யாரும் எங்கேயும் அனுப்பாதீர்கள் என்பாள். பீச் ரோட்டுப் படத்தில் மாட்டிய பெண் ஒரு நாள் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தாள். அளவு எடுத்துக்கொண்டே, அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும் என்று அஞ்சலாட்சி சொன்னாள்.  போகும்போது அந்தப் பெண், கழுத்தில் ஆரி வேலையும் போட்டுடுங்கக்கா என்றாள்.

அழித்ததெல்லாம் அழிந்துவிடவில்லை. ஆடி மாதத்தில் ஒரு நாள், கனகசெட்டிக்குளத்தில் இருக்கும் வெற்றிவேலின் அத்தையிடமிருந்து அஞ்சலாட்சிக்கு ஒரு வீடியோ வந்தது. அதே படம். அதே மங்கல் வெளிச்சம், அதே ஆம்பிளைக் குரல். இந்தத் தடவை கும்பல் மரக்காணத்துப் பக்கமிருந்து இறங்கியிருந்தது. உன் பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று அத்தை கீழே எழுதியிருந்தார்.

அப்போது ஜீனத்துன்னிசா எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். மூட்டை பிரிந்து கிடந்தது. நடை பழகும் குழந்தை நைட்டிகள் மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தது. அஞ்சலாட்சி போனைத் திருப்பிக் காட்டினாள். ஜீனத்துன்னிசா படத்தைக் கடைசிவரை பார்த்தாள். ஒரு நொடி முகம் சுருங்கியது. அஞ்சலாட்சி பட்டனை அழுத்தினாள். தொண்டையைக்கூடச் செருமிக்கொள்ளவில்லை.

"அத்தே, நான் அஞ்சலாட்சி. அந்தப் படத்துல இருக்கறது உங்க பேத்திதான். அது பொய்யி. உங்களுக்கு அனுப்பினவங்களுக்கு இத அனுப்புங்க, அவங்கள அவங்களுக்கு அனுப்பினவங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க. தூக்கினு போறவங்க இங்கதான் இருக்காங்க. இருங்க, பேசறாங்க."

போனை நீட்டினாள். ஜீனத்துன்னிசா வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அப்புறம் முகத்திரையை ஒதுக்கிக்கொண்டு, தெருமுனைக்குக் கேட்கிற அந்தப் பழைய குரலில் போனுக்குள் குனிந்தாள்.

"நாந்தாம்மா அந்தப் புள்ள புடிக்கறவ. சாரத்துல இருக்கேன். நல்ல காட்டன் நைட்டி வந்திருக்குது, வேணுமா?"

அந்தக் குரல் கனகசெட்டிக்குளத்தில் வீடு வீடாகப் போனது. வார முடிவில் அத்தையிடமிருந்து பதில் வந்தது. பூப்போட்டது இரண்டு, கட்டம் போட்டது ஒன்று, பெரிய சைஸ். தெருவில் இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள், அவங்களையே நேரில் வரச் சொல்லு, உட்கார்ந்து பார்த்து எடுக்கணும் என்று எழுதியிருந்தது.

ஜீனத்துன்னிசா மூட்டையைக் கட்டத் தொடங்கினாள்.